வேலூர்ப் பக்கத்து வீடுகளில் துப்பாக்கி: வாங்குமுன்பும் வாங்கிய பின்பும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த பகுதியில், வட ஆற்காடு என்றே இன்னும் பெரியவர்கள் சொல்லும் இந்த மண்ணில், உரிமத்துடன் வீட்டில் இருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் வந்திருக்கும். தோப்புக்கும் கழனிக்கும் நடுவே தனித்து நிற்கும் வீட்டில், தாத்தா காலத்தில் காவலுக்கென்று வாங்கிய பன்னிரண்டு போர் (‘bore’, குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) இரட்டைக்குழல் ஒரு வகை. நகைக்கடை, தோல் வியாபாரம், வட்டிக்கடை என்று ரொக்கம் புழங்கும் தொழிலில் இருப்பவர் அண்மையில் வாங்கிய ரிவால்வர் மற்றொரு வகை. இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். பூட்டி வைக்கும் முறையும் ஏறத்தாழ ஒன்றுதான். வாங்குவதைப் பற்றி யோசிப்பவர்களும், ஏற்கெனவே வைத்திருப்பவர்களும், தகப்பனார் விட்டுச்சென்ற துப்பாக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் வைத்திருப்பவர்களும் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

வாங்கத்தான் வேண்டுமா

ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதுவதற்கு முன்னால், ஓர் இரவில் உங்கள் வீட்டை வெளியிலிருந்து சுற்றி வந்து பார்க்க வேண்டும். பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் ஒரு கடப்பாரைக்குத் தாங்குமா, மொட்டை மாடிக்கு வெளிப்படிக்கட்டு வழியாக எவரும் ஏறிவிட முடியுமா, கொல்லையில் விளக்கு எரிகிறதா, நாய் குரைத்தால் அக்கம்பக்கத்தில் காதில் விழுமா என்பவற்றுக்கு விடை கண்டு, குறைகளைச் சரிசெய்து, நகைகளை வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றிய பிறகும் அச்சம் தீரவில்லை என்றால்தான் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு. திருமணத்துக்கோ திருப்பதிக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள் காவல் நிலையத்தில் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் போவது எந்த ஆயுதத்தையும்விடப் பயன் தரும்; ஏனெனில் ஆளில்லாத வீட்டில் துப்பாக்கி காவல் காப்பதில்லை, திருடன் எடுத்துச் செல்லும் பொருள்களில் அதுவும் ஒன்றாகிவிடுகிறது.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமம் ஒருவர் பெயருக்கு மட்டுமே தரப்படுகிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்தில் கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்ய, மனைவியும் மாமியாரும் மட்டும் இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே கணவர் பெயரில் உரிமம் எடுத்து வைத்தால், அவர் இல்லாத மாதங்களில் அந்தத் துப்பாக்கியைத் தொடும் உரிமை வீட்டில் ஒருவருக்கும் இல்லை. குடிப்பழக்கம் உள்ளவர், அடிக்கடி கைகலப்பு வரை போகும் சண்டை நடக்கும் குடும்பம், மனச்சோர்வில் இருப்பவரோ மறதி நோய் தொடங்கிய முதியவரோ இருக்கும் வீடு ஆகிய இடங்களில் துப்பாக்கி இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வெளியிலிருந்து வரக்கூடும் என்று நாம் அஞ்சும் ஆபத்தைவிட, உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஆபத்து அத்தகைய வீடுகளில் பெரிது.

உரிமம்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 21 வயது நிரம்பியவர் மட்டுமே துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம். ஆயுத உரிமங்களுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் ஏ-1 படிவத்தை நிரப்பி, மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். காவல் துறையின் அறிக்கை பெறப்பட்ட பின்பே முடிவெடுக்கப்படும். உரிமம் எவருக்கும் அடிப்படை உரிமை அன்று என்பதால், ‘உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு’ என்ற பொதுவான வாசகத்தோடு நிறுத்தாமல், வீடு ஊரிலிருந்து எவ்வளவு தொலைவில் தனித்திருக்கிறது, முன்பு நடந்த திருட்டு அல்லது மிரட்டல் பற்றிய முதல் தகவல் அறிக்கை உண்டா, தொழிலில் ரொக்கம் எவ்வழியாகப் போய்வருகிறது என்ற விவரங்களை ஆவணங்களோடு எழுத வேண்டும். மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு வழி தருகிறது.

2019-இல் வந்த திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் அடங்கும். உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது. பழைய உரிமம் வைத்திருப்பவர்கள், அதில் ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்றும், மாவட்டம் பிரிந்த பிறகு தங்கள் கோப்பு எந்த ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாலாஜாவிலோ நாட்றம்பள்ளியிலோ இருப்பவர் பழைய நினைப்பில் வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்கு வந்து, புதுப்பிக்கும் கெடுவைத் தவறவிட்டால், அந்த நாள் முதல் அவர் கையில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. காலாவதியாகும் தேதிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுவது நல்லது.

துப்பாக்கியையும் தோட்டாவையும் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை முடித்த சான்றிதழை விதிகள் கேட்கின்றன. இதைச் சிலர் வெறும் காகிதமாகக் கருதி, எங்கோ கையொப்பம் வாங்கி இணைத்துவிடப் பார்க்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற கழகத்திலோ பயிற்சியாளரிடமோ நேரில் போய்க் கற்க வேண்டிய பாடம் அது. கையில் எடுத்தவுடன் குண்டு ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்ப்பது, ஏறியில்லை என்று தெரிந்த பிறகும் ஏறியிருப்பதாகவே நடத்துவது, குழலின் வாயை ஆள் இருக்கும் திசைக்கு ஒருபோதும் திருப்பாதிருப்பது, சுட முடிவெடுக்கும்வரை விரலை விசைக்கு வெளியே வைத்திருப்பது, இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் கண்ணால் காணாமல் சுடாதிருப்பது ஆகியவை படித்தவுடன் புரிந்துவிடும். கைக்குப் பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

ஜவ்வாது மலையிலும் அணைக்கட்டு ஒன்றியத்து மலைக்கிராமங்களிலும் உள்ள நாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியைத் தாமாக முன்வந்து ஒப்படைக்குமாறு காவல் துறை அவ்வப்போது அறிவிப்பது வழக்கம். அந்த அறிவிப்பு வரும்போது ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போய் ஒப்படைத்துவிடுவதே அறிவுடைமை. உள்ளூர்ப் பட்டறையில் நீர்க்குழாயை வைத்துச் செய்த குழல், எதிரே நிற்பவரைக் காட்டிலும் சுடுபவரின் கண்ணுக்கும் கைக்கும்தான் முதலில் ஆபத்து.

பழைய துப்பாக்கியைச் சோதித்தல்

பரம்பரையாக வந்த இரட்டைக்குழலை அப்படியே எடுத்துச் சுடக் கூடாது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் சிலவற்றின் குழலில் நெளிநெளியாகக் கோலம் போட்டதுபோல் வரிகள் தெரியும். அது இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி இணைத்த டமாஸ்கஸ் குழல். கருமருந்து என்ற பழைய வெடிமருந்தின் காலத்துக்கென்று செய்யப்பட்ட அந்தக் குழல், இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது. அத்தகைய துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்து நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ள முறைப்படி விண்ணப்பிப்பதே பொருத்தம். எஃகுக் குழலாக இருந்தாலும், தோட்டா அமரும் அறையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். இரண்டரை அங்குல அறை கொண்ட பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய் அமர்ந்துவிடும்; சுடும்போது அதன் முனையை மூடியிருக்கும் மடிப்பு விரிய இடம் போதாமல் அழுத்தம் எகிறும். உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் காட்டி, அளவைக் குறித்து வாங்கி உரிமப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருபது போர்த் தோட்டாவும் பன்னிரண்டு போர்த் தோட்டாவும் ஒருசேர இருக்கவே கூடாது. எண் பெரிதானாலும் அளவில் சிறியதான இருபது போர்த் தோட்டா பன்னிரண்டு போர்க் குழலுக்குள் நழுவிச் சற்றுத் தள்ளிச் சிக்கி நிற்கும். திறந்து பார்ப்பவர் அறை காலியாக இருப்பதாக எண்ணிச் சரியான தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். ஈரம் பட்டு உப்பிய தோட்டாக்கள், பித்தளைப் பகுதியில் பச்சை பூத்தவை, ஆண்டு தெரியாதவை ஆகியவற்றை வெயிலில் உலர்த்திப் பயன்படுத்த முயலாமல் வணிகரிடமோ காவல் நிலையத்திலோ கொடுத்து, கொடுத்ததற்குச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

பூட்டி வைத்தல்

இராணுவத்தில் பணிபுரிந்தவர்கள் இல்லாத கிராமம் வேலூர்ப் பக்கத்தில் அரிது. கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: படையில் ஆயுதம் படுக்கைக்கு அடியில் கிடப்பதில்லை, ‘கோத்’ எனப்படும் ஆயுத அறையில் இருக்கும், எண்ணைச் சொல்லிக் கையொப்பமிட்டு வாங்க வேண்டும், திரும்ப வைக்கும்போது சோதித்து வைக்க வேண்டும். வீட்டுத் துப்பாக்கிக்கும் இதே ஒழுங்கைச் சிறிய அளவில் அமைத்துக்கொள்ளலாம்.

முதல் தேவை ஓர் எஃகு அலமாரி. புடவையும் பத்திரமும் நகையும் இருக்கும் பீரோ இதற்கு ஆகாது. திருடன் முதலில் உடைப்பது அதைத்தான். வீட்டில் எல்லோரும் திறப்பதும் அதையே. துப்பாக்கிக்கென்று தனியாக, நீளத்துக்கேற்ற, கனத்த தகட்டாலான அலமாரியை வாங்கி அல்லது வெல்டிங் பட்டறையில் செய்வித்து, உட்புறமிருந்து சுவரிலும் தரையிலும் ஆங்கர் போல்ட்டால் இறுக்கிவிட வேண்டும். காங்கிரீட் சுவரோ ஒன்பது அங்குலச் செங்கல் சுவரோ வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் போல்ட் நிற்காது. வருகிறவர் போகிறவர் கண்ணில் படும் கூடத்தில் அது இருக்கக் கூடாது. சமையலறைக்கும் குளியலறைக்கும் ஒட்டிய சுவரில் ஈரம் ஏறும் என்பதால் அந்த இடங்களும் வேண்டாம்.

தோட்டாக்களுக்கு வேறு பூட்டு, வேறு சாவி, முடிந்தால் வேறு அறை. இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு இன்னொரு வசதியும் உண்டு: முன்கட்டையைக் கழற்றினால் குழலும் அடிக்கட்டையும் தனித்தனியாக வந்துவிடும். குழலை ஓர் இடத்திலும் அடிக்கட்டையை வேறோர் இடத்திலும் பூட்டி வைத்தால், ஒன்றை மட்டும் எடுத்தவரால் ஒன்றும் செய்ய இயலாது. கழற்ற முடியாத வகைகளுக்கு விசையைச் சுற்றிப் பூட்டும் சிறு பூட்டு கிடைக்கிறது. அது அலமாரிக்கு மாற்று ஆகாது, அலமாரிக்கு உள்ளே கூடுதல் காப்பு மட்டுமே.

சாவியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பூஜை அறைத் தட்டின் கீழே, அரிசித் தூக்கில், நிலைக்கதவின் மேற்கட்டையில், சுவர்க் கடிகாரத்தின் பின்னால் வைத்த சாவி ஒளித்து வைத்த சாவி ஆகாது. அந்த இடங்கள் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். நம் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் விருந்தாளிகளின் பிள்ளைகளுக்கும்கூடத் தெரியும். சாவி உரிமதாரரின் உடலோடு இருக்க வேண்டும். எண் பூட்டு என்றால், பிறந்த ஆண்டும் வண்டி எண்ணும் வேண்டாம். மனைவி மக்களுக்கும் எண்ணைச் சொல்ல வேண்டாம். ‘ஆபத்து நேரத்தில் அவர்கள் எடுக்க வேண்டாமா’ என்று கேட்பவர்களுக்கு விடை எளிது: உரிமமில்லாதவர் எடுக்கக் கூடாது என்பதுதான் சட்டம், பயிற்சியில்லாதவர் எடுத்தால் யார் மீது படும் என்று சொல்ல முடியாது.

இத்தனை பூட்டுகளைத் திறந்து எடுப்பதற்குள் திருடன் உள்ளே வந்துவிட மாட்டானா என்ற கேள்வி நியாயமானது. அந்தச் சில நிமிடங்களைத் தர வேண்டியவை கதவும் விளக்கும் நாயும்தான். அவை தராவிட்டால், தலையணைக்கு அடியில் குண்டேற்றி வைத்த ரிவால்வர் தூக்கக் கலக்கத்தில் விழிப்பவருக்கு உதவுவதைவிட, அவருக்கு முன்பே விழித்தெழும் மூன்று வயதுக் குழந்தையின் கைக்குப் போவதற்கே வாய்ப்பு அதிகம். கோடை இரவுகளில் மொட்டை மாடியில் எல்லோரும் படுத்துக்கொண்டு கீழ்வீட்டைத் திறந்துபோட்டிருக்கும் வழக்கம் உள்ளவர்கள் இதை இன்னும் கவனமாக எண்ண வேண்டும்.

ஆயுத பூஜையன்று துப்பாக்கியை வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் வீடுகள் உண்டு. செய்யலாம், ஆனால் தோட்டா அந்த அறைக்கே வரக் கூடாது, குழல் மடக்கித் திறந்த நிலையில் இருக்க வேண்டும், பூஜை முடியும்வரை உரிமதாரர் அகலக் கூடாது. மறுநாள்வரை சாமிப் படத்தின் முன் வைத்திருப்பது வேண்டாம். எருது விடும் விழாவிலோ, குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவிலோ, மாப்பிள்ளை அழைப்பிலோ வானத்தை நோக்கிச் சுடுவது 2019 திருத்தத்தின்படி தனிக் குற்றம். இரண்டு ஆண்டுவரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்கப்படலாம்.

குழந்தைகளிடம் துப்பாக்கி வீட்டில் இல்லவே இல்லை என்று பொய் சொல்வதைவிட, இருக்கிறது, தொடக் கூடாது, எங்கேனும் கண்டால் கைவைக்காமல் அந்த இடத்தை விட்டு வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது நல்லது. உரிமம் தேவைப்படாத ஏர்கன்னையும் இதே அலமாரியில் பூட்டுங்கள். கண்ணைப் பறிக்க அது போதும்.

வீட்டில் எவரேனும் தாங்க முடியாத துயரத்தில் இருக்கும் காலங்களில், தேர்வில் தோற்ற பிள்ளையோ கடனில் மூழ்கிய அண்ணனோ மணமுறிவில் இருப்பவரோ இருக்கும்போது, பூட்டைக் கூட்டுவது போதாது. துப்பாக்கியைப் பாதுகாப்பு வைப்புக்கு உரிமம் உள்ள ஆயுத வணிகரிடம் ஒப்படைத்து இரசீது வாங்கிவிடுங்கள். உரிமதாரரே அந்த நிலையில் இருந்தால், அவரை ஒப்படைக்கச் செய்வது உடனிருப்பவர்களின் கடமை.

இரவில் சத்தம் கேட்டால்

சத்தம் கேட்டவுடன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு இறங்குவது தவறு. எல்லோரையும் ஓர் அறையில் சேர்த்து உள்தாழிட்டு, விளக்குகளைப் போட்டு, 112 அல்லது 100-க்கு அழைத்து, வீட்டில் ஆள் விழித்திருப்பது தெரியும்படி உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். வந்திருப்பவர் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்த மகனாக இருக்கலாம், குடித்துவிட்டு வீடு மாறி வந்த பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், மாங்காய் திருட வந்த பையனாக இருக்கலாம். முகம் தெரியாமல், பெயர் கேட்காமல் விசையைத் தொடக் கூடாது. எச்சரிக்கைக்காக மேலே சுடுவதும் கூடாது. ஓட்டு வீடும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் நெருங்கி நிற்கும் தெருவில், மாடிகளில் ஆள் படுத்திருக்கும் ஊரில், மேலே என்பது வெற்றிடம் அன்று.

தற்காப்பு உரிமையை 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் சொல்கின்றன. காவல் துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிக்கவும் அது இடம் தருவதில்லை. கொள்ளை, சூரிய மறைவுக்குப் பிறகு வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிரிழப்போ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தைத் தரும் திருட்டு போன்ற சிலவற்றில் மட்டும் உடைமையைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவுக்கு அது விரியும். தேங்காய்க் குலையோடும் மோட்டார் வயரோடும் ஓடுகிறவனின் முதுகில் சுடுவது இவற்றில் எதிலும் சேராது. வேறு வழியே இல்லாமல் சுட நேர்ந்துவிட்டால், துப்பாக்கியைக் கீழே வைத்து, 108-க்கும் காவல் துறைக்கும் அழைத்து, அங்குள்ள எதையும் நகர்த்தாமல் காத்திருக்க வேண்டும்.

விலங்குகளைப் பற்றியும் ஒரு சொல். குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லையோரத்தில் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் இறங்குவதும் சிறுத்தை நடமாடுவதும் உண்மைதான். அவற்றின் மீது சுடுவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கடுங்குற்றம். உயிருக்கு நேரடி ஆபத்து வந்த நொடியில் நல்லெண்ணத்தோடு செய்த தற்காப்பு மட்டுமே விலக்கு. காட்டுப்பன்றி கடலையை அழிக்கிறது என்றாலும் வனச்சரக அலுவலகத்தில்தான் மனு கொடுக்க வேண்டும். வீட்டுக் காவலுக்கு வாங்கிய உரிமத்தை வேட்டைக்குத் திருப்பக் கூடாது.

பராமரிப்பு

தோல் உறையில் துப்பாக்கியைப் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கும் மாவட்டத்தில் நல்ல தோல் உறை எளிதில் கிடைக்கும். எடுத்துச் செல்ல அது ஏற்றது, வைத்திருக்க ஏற்றதன்று. பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துத் துருவை வளர்க்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையேனும் வெளியே எடுத்து, தோட்டா இல்லை என்று பார்த்து, குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டுத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகும். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டால் நல்லது.

குழலின் வாய்வழியே மருந்து இடித்துச் சுடும் உரிமத் துப்பாக்கி என்றால் சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, முற்றிலும் உலர்த்தி, எண்ணெய் இட வேண்டும். கருமருந்துக் கரி காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அதில் மருந்து ஏறியிருக்கிறதா என்று திறந்து பார்க்க வழியில்லை. முதலில், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப் இல்லை என்று பார்த்துவிட்டு, இடிகம்பியை உள்ளே விட்டு நீளத்தைக் குறித்து, குழலின் வெளிப்புறத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கம்பி அடிவரை போகவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. பழுது என்றால் உள்ளூர்க் கொல்லரிடம் கொடுக்காமல் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். வேறொருவரிடம் கொடுத்தனுப்புவதானால், உரிமதாரரின் எழுத்துப்பூர்வமான அனுமதி அவர் கையில் இருக்க வேண்டும்.

தேர்தலும் வாரிசும்

தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து சொல்வார்கள். அங்கேயோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து, துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, அதன் நிலை ஆகியவற்றைக் குறித்த இரசீதை வாங்குங்கள். எண்ணெயிட்டுக் கொடுப்பது நல்லது. திரும்ப வாங்கும்போது அங்கேயே திறந்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

உரிமதாரர் இறந்தால் அவருடைய உரிமம் அவரோடு முடிகிறது. கருமாதி முடியட்டும், சொத்துப் பாகம் முடியட்டும் என்று பரணில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் இருப்பவர் உரிமமில்லாத ஆயுதத்தை வைத்திருப்பவர் ஆகிறார். சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, வீணாகத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகு வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம் ஆகியவற்றோடு, விருப்பமுள்ள ஒருவர் தம் பெயரில் உரிமம் கேட்கலாம். ஒருவருக்கும் வேண்டாமென்றால் வணிகர் மூலம் விற்றுவிடலாம். இறப்புவரை காத்திருக்கவும் தேவையில்லை. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, அவர் 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாழும்போதே வாரிசு ஒருவருக்கு மாற்ற 2016 விதிகள் இடம் தருகின்றன. துப்பாக்கியின் எண், உரிமப் புத்தகம் இருக்கும் இடம், கோப்பு உள்ள ஆட்சியர் அலுவலகம், ஒப்படைக்க வேண்டிய காவல் நிலையம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, சாவி இருக்கும் இடத்தை மட்டும் அதில் எழுதாமல், பட்டாவும் சிட்டாவும் இருக்கும் பையில் வைத்துவிடுங்கள்.